தாமரை இலையில் தண்ணீரை ஒட்டவைக்கும் வேலை

கும்பகோணத்து ஈயச்சொம்பில் ரசம் வைக்கும் வீடுகளில் ஒரு கட்டளை உண்டு. முதலில் புளித்தண்ணீர், பிறகுதான் அடுப்பு. மறந்துபோய் வெறும் சொம்பை ஏற்றிவிட்டால், கொஞ்ச நேரத்தில் அடி உருகி பர்னர்மேல் வெள்ளிக் குழம்பாக வழிந்திருக்கும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சொம்பின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். காவிரிக் கரைப் பிள்ளைகளுக்கு உலோகவியலின் முதல் பாடத்தை அம்மாக்கள் சமையலறையிலேயே நடத்திவிடுகிறார்கள்.

இரண்டாம் பாடம் தெருவில் நடக்கும். ஈயம் பூசுகிறவர் வந்து உட்கார்ந்தால், சின்ன வயதில் நான் பள்ளிக்கூடத்தை மறந்து நின்றுவிடுவேன். தரையில் குழி, குழியில் கரி, பக்கத்தில் துருத்தி. பித்தளைப் பாத்திரத்தை மணலும் புளியும் போட்டு அவர் தேய்த்துக்கொண்டே இருப்பார். பச்சைக் களிம்பு போய், பழுப்பு போய், உலோகம் பொன் நிறத்தில் விழித்துக்கொள்ளும்வரை விடமாட்டார். பிறகு பாத்திரத்தைச் சூடேற்றி நவச்சாரத்தூளை வீசுவார். வெள்ளைப் புகை குப்பென்று எழும். ஈயக் குச்சியால் ஒரு தொடுதல், பஞ்சால் ஒரு சுற்று. பாத்திரத்தின் உட்புறம் முழுவதும் நிலா பூத்ததுபோல் வெளுத்துவிடும்.

பூசுவதற்கு ஆனது அரை நிமிடம். தேய்ப்பதற்கு ஆனது அரை மணி. இந்தக் கட்டுரை முழுவதற்கும் இந்தக் கணக்குதான் அடிப்படை. உருகிய உலோகத்தைக் கொண்டு பூச்சுப் போடும் தொழிலில், முதல் நாள் வேலைக்குப் போகிறவர் தொடங்கி முனைவர் பட்டம் வாங்குகிறவர் வரை எல்லோரும் சம்பாதிப்பது அந்த அரை மணி வேலைக்காகத்தான். மேற்பரப்பைத் தயார் செய்யத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது. காவிரி டெல்டாவிலிருந்து ஒரு மணிப் பயணத்தில் தொடங்கி ஓசூர், ஐதராபாத் வரை இருக்கிறது. அதற்கு எப்படிப் போவது என்று பார்ப்போம்.

இது என்ன தொழில்?

பீங்கான் என்றால் ஊறுகாய் ஜாடி மட்டும் நினைவுக்கு வர வேண்டாம். அலுமினா, சிலிக்கான் கார்பைடு, சிர்கோனியா போன்றவையும் பீங்கான் குடும்பம்தான். சூட்டைத் தாங்கும், தேயாது, பெரும்பாலும் மின்சாரத்தை விடாது, அமிலத்துக்கு அசையாது. ஆனால் இழுத்தால் உடையும், தட்டினால் விரிசல் விடும், வெல்டிங் வைக்க முடியாது. உலோகம் இதற்கு நேர் எதிர். வளையும், நீளும், மின்சாரத்தைக் கடத்தும். சூட்டிலும் உராய்விலும் மட்டும் சீக்கிரம் தோற்றுப்போகும்.

இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டால் இரண்டின் பலமும் கிடைக்கும். பீங்கான்மேல் உலோகப் பூச்சு, உலோகத்தின்மேல் பீங்கான் பூச்சு என்று இரு பக்கமும் வேலை நடக்கிறது. ஒன்றைக் கற்றவருக்கு மற்றது எளிது.

அது எங்கே பயன்படுகிறது? குறுவை நாற்றுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரிலிருந்தே தொடங்கலாம். அதற்கு மின்சாரம் கொடுக்கும் துணைமின் நிலையத்தில், 11 கிலோவோல்ட் லைனைத் துண்டிக்கும் பிரேக்கருக்குள் ஒரு பீங்கான் குப்பி இருக்கும். உள்ளே வெற்றிடம். இரண்டு முனையிலும் உலோக மூடி. பீங்கானுக்கும் மூடிக்கும் நடுவே ஒரு மயிரிழை கசிந்தாலும் வெற்றிடம் போய்விடும், பிரேக்கர் பயனற்றுப்போகும். அந்த மூடியைப் பிடித்துவைத்திருப்பது, பீங்கான் விளிம்பில் போட்ட மெல்லிய உலோகப் பூச்சுதான். வயலில் நிற்கும் சோலார் பம்புசெட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளும் இதே உறவைப் பார்க்கலாம். அதிக மின்னோட்டத்தைக் கையாளும் பவர் மாட்யூல்களில் பீங்கான் தகட்டின்மேல் தாமிரம் ஒட்டியிருக்கும்.

விண்வெளியிலும் அதே தேவைதான். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்டத்துக்காக எடை குறைந்த கார்பன்-கார்பன் நாசில் ஒன்றை உருவாக்கியிருப்பதாக 2024 ஏப்ரலில் இஸ்ரோ அறிவித்தது. கார்பன் பெரும் சூட்டைத் தாங்கும், ஆனால் அந்தச் சூட்டில் காற்றுப் பட்டால் எரிந்துபோகும். அதனால் அதன்மேல் சிலிக்கான் கார்பைடு காப்புப் பூச்சு போட்டார்கள். அப்படிப் பூசும் வழிகள் பல. அவற்றில் ஒன்று, 1414 டிகிரியில் உருகும் சிலிக்கானைக் கார்பனின் நுண்துளைகளுக்குள் ஊறவைப்பது. உருகிய சிலிக்கான் கார்பனோடு சேர்ந்து அங்கேயே சிலிக்கான் கார்பைடாக மாறிவிடும்.

ஏன் ஒட்டாது, எப்படி ஒட்டவைப்பது?

சுத்தமான அலுமினாத் தகட்டின்மேல் உருகிய தாமிரத்தை ஒரு சொட்டு விடுங்கள். தாமரை இலையில் விழுந்த தண்ணீர்போல் உருண்டு நிற்கும், பரவாது. ஆறியதும் விரலால் தட்டினால் கழன்று விழும். தொழிலில் இதை 'நனைக்கவில்லை' என்பார்கள். அலுமினாவில் அலுமினியமும் ஆக்சிஜனும் இறுகக் கைகோத்திருக்கின்றன. தாமிரத்தோடு சேர அவற்றுக்கு எந்தக் காரணமும் இல்லை. இந்தத் தொழிலின் அறிவியல் முழுவதும் அந்தக் காரணத்தை உண்டாக்குவதில் இருக்கிறது. நான்கு வழிகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் வழி, ஒரு தரகரை நடுவில் விடுவது. வெள்ளி-தாமிரக் கலவையில் சில சதவீதம் டைட்டானியத்தைச் சேர்ப்பார்கள். டைட்டானியத்துக்கு ஆக்சிஜன்மேல் தீராத பசி. அலுமினாவின் மேற்பரப்பில் இருக்கும் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு ஒரு மெல்லிய அடுக்கை உண்டாக்கும். உருண்டு நின்ற சொட்டு, அந்த அடுக்கின்மேல் மளமளவென்று பரவிவிடும். காற்றிலேயே ஆக்சிஜன் கிடைத்தால் டைட்டானியம் அதைத் தின்றுவிட்டு அலுமினாவைத் திரும்பிப் பார்க்காது. அதனால் இந்த வேலை வெற்றிட உலையிலோ தூய ஆர்கானிலோதான் நடக்கும்.

இரண்டாம் வழி, அடித்தளம் போடுவது. மாலிப்டினம், மாங்கனீசு பொடிகளைக் குழைத்துப் பீங்கானில் தடவி, ஈரப்பதம் கலந்த ஹைட்ரஜன் உலையில் 1400 முதல் 1500 டிகிரி வரை சுடுவார்கள். பீங்கானுக்குள் இருக்கும் கண்ணாடித்தன்மையான பகுதி இளகி, மாலிப்டினத் துகள்களின் இடுக்குகளில் ஏறி இறுகிக்கொள்ளும். அதன்மேல் நிக்கல் முலாம். கடைசியில் 72 பங்கு வெள்ளியும் 28 பங்கு தாமிரமும் கலந்த கலவை, 780 டிகிரியில் உருகி மூடியை ஒட்டிவிடும். மேலே சொன்ன வெற்றிடக் குப்பிகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

மூன்றாம் வழி, இம்மியளவு ஆக்சிஜனை வைத்தே காரியத்தை முடிப்பது. தாமிரம் 1085 டிகிரியில் உருகும். அதோடு சிறிது ஆக்சிஜன் சேர்ந்த கலவை 1065 டிகிரியிலேயே உருகிவிடும். இந்த 20 டிகிரி இடைவெளியில் உலையைப் பிடித்து நிறுத்தினால், தாமிரத் தகடு திடமாகவே இருக்கும், அதன் தோல் மட்டும் இளகிப் பீங்கானை நனைக்கும். பவர் மாட்யூல்களின் தாமிரம் இப்படி ஒட்டியதுதான். உலைக்காரரின் கைக்கு உண்மையான பரீட்சை இங்கேதான்.

நான்காம் வழி, வீசி அடிப்பது. சுவிட்சர்லாந்தின் மாக்ஸ் உல்ரிச் ஷூப் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கிய முறையிலிருந்து வளர்ந்தது இது. கம்பியையோ பொடியையோ தீயிலோ மின்வில்லிலோ பிளாஸ்மாவிலோ உருக்கி, வேகமான வாயுவில் பொருளின்மேல் பீய்ச்சுவார்கள். பிளாஸ்மாவின் சூடு 10,000 டிகிரியைத் தாண்டும். பறந்து வரும் சொட்டு ஒவ்வொன்றும் சுவரில் தட்டிய வறட்டிபோல் சப்பென்று அப்பிக்கொண்டு உறையும். வறட்டி தட்டியவர்களுக்குத் தெரியும், வழவழப்பான சுவரில் அது நிற்காது, சொரசொரப்பான மண்சுவர்தான் அதைப் பிடித்துவைக்கும். ஸ்ப்ரே அடிப்பதற்கு முன் பொருளின்மேல் கரடான துகள்களை வேகமாக வீசி, அதாவது கிரிட் பிளாஸ்டிங் செய்து, சொரசொரப்பாக்குவது அதற்காகத்தான்.

நான்கு வழிகளுக்கும் பொதுவான பகை ஒன்று உண்டு. சூட்டில் தாமிரம், அலுமினாவைவிட இரண்டு மடங்குக்கு மேல் விரியும். ஆறும்போது அதே அளவு சுருங்கப் பார்க்கும். ஒட்டிக்கொண்ட பீங்கானோ அவ்வளவு சுருங்காது. இந்த இழுபறியில் பீங்கான் விரிசல் விட்டுவிடும். அதனால்தான் மூடிக்கு இரும்பு-நிக்கல்-கோபால்ட் கலவையைப் போல, பீங்கானோடு ஏறக்குறைய ஒத்து விரியும் உலோகத்தைத் தேடுகிறார்கள். அவசரப்படாமல் ஆறவிடத் தெரிந்தவருக்கு இந்தத் தொழிலில் நல்ல பெயர் கிடைக்கும்.

பாதிப் பாடம் சுவாமிமலையில்

இதில் பாதி நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதே அல்ல. சுவாமிமலையின் சிலை வார்க்கும் பட்டறைகளில் ஒரு நாள் நின்று பாருங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த மெழுகில் சிலை உருவாகும். அதன்மேல் மண் பூசுவார்கள். முதல் பூச்சுக்குக் காவிரியின் நைசான வண்டல், உமிக்கரி, பசுஞ்சாணம். அது காய்ந்த பிறகுதான் கரடான மண்ணும் மணலும் கலந்த அடுத்த பூச்சு. பெரிய அச்சுக்கு இரும்புக் கம்பிக் கட்டு. பிறகு மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள்.

அந்த முதல் பூச்சைக் கவனியுங்கள். உருகிய உலோகம் நேரடியாகத் தொடப்போகும் மேற்பரப்பு அதுதான். சிலையின் கண்மடலும் விரல்நகமும் அந்த மெல்லிய மண்ணில்தான் பதிந்திருக்கின்றன. இங்கே உலோகம் மண்ணோடு ஒட்டக்கூடாது, ஒட்டினால் சிலை கெட்டது. எரிந்த உமியும் சாணமும் விட்டுப்போன நுண்துளைகள் வழியே வாயு வெளியேற வேண்டும். தொழிற்சாலையில் ஒட்டவைக்கப் பாடுபடுகிறோம், பட்டறையில் ஒட்டாமல் இருக்கப் பாடுபடுகிறோம். இரண்டிலும் கேள்வி ஒன்றே: உருகிய உலோகம் தொடும் இடம் எப்படி இருக்க வேண்டும்?

இந்தக் கலையையே வாழ்க்கையாக எடுக்க விரும்புகிறவர்களுக்கு மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே உலோகச் சிற்பத்தில் பட்டப்படிப்பு உண்டு. சுவாமிமலை வெண்கலச் சிலைகளுக்கும் நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பட்டறையில் ஆறு மாதம் மண் பிசைந்த பிள்ளை, பிறகு பொருளறிவியல் படித்தால் வகுப்பில் மற்றவர்கள் பார்க்காததைப் பார்ப்பான். அதை நான் உறுதியாக நம்புகிறேன்.

வேலை எங்கே இருக்கிறது?

தஞ்சாவூரிலிருந்து திருச்சி போகும் சாலையில் துவாக்குடி வந்ததும் தொழிற்கூடங்கள் தொடங்கிவிடும். திருவெறும்பூரில் 1965 முதல் இயங்கும் பெல் நிறுவனம் அனல்மின் நிலையங்களுக்குக் கொதிகலன்களைச் செய்கிறது. நிலக்கரிச் சாம்பல் கொதிகலன் குழாய்களை உரசி உரசித் தேய்க்கும் என்பதால், காப்புப் பூச்சுக்கும், கடினமான உலோகத்தை மேலே பற்றவைக்கும் ஹார்டுஃபேசிங் வேலைக்கும் இங்கே எப்போதும் மதிப்பு உண்டு. பெல்லின் பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1975-இல் திருச்சியில் அமைந்தது. சுற்றிலும் துணைத் தொழிற்கூடங்கள் நிறைய. காலையில் ரயிலேறிப் போய் இரவு வீடு திரும்பும் தூரம்.

ஓசூரில் முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் தொழில்துறைப் பீங்கான்களையும், உலோகப் பூச்சிட்ட பீங்கான் உருளைகளையும் செய்கிறது. காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அரிமானத் தடுப்புக்கும் முலாமுக்கும் நாட்டுக்கே பள்ளிக்கூடம். கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். ஐதராபாத்தில் ஏ.ஆர்.சி.ஐ. என்ற ஆராய்ச்சி மையம், வெப்பத் தெளிப்புப் பூச்சுகளில் பெயர் பெற்றது.

இவற்றையெல்லாம்விட வீட்டுக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது, அரிசி ஆலை. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் சரக்கு. நவீன ஆலைகள் நெல் அவிக்கும் கொதிகலனை உமியால் எரிக்கின்றன. சாம்பல் கலந்த புகை, மின்விசிறி இறக்கைகளையும் குழாய் வளைவுகளையும் உப்புத்தாள்போல் தேய்த்துக்கொண்டே இருக்கும். நெல் விழும் சரிவுத் தகடுகளுக்கும் இதே கதி. தேய்ந்த பாகத்தைத் தூக்கி எறியாமல் மேற்பூச்சுப் போட்டு மீண்டும் ஓடவைக்கத் தெரிந்தவரை ஆலைக்காரர்கள் விடமாட்டார்கள்.

என்ன படிக்கலாம்?

பத்தாம் வகுப்பு முடித்தவர்கள்: ஐ.டி.ஐ.யில் வெல்டர், ஃபிட்டர், எலக்ட்ரோபிளேட்டர், ஃபவுண்ட்ரிமேன் பிரிவுகள் இந்தத் தொழிலுக்கு நேர் வாசல். முடித்தவுடன் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கத் தவறாதீர்கள். திருச்சி பெல் போன்ற பெரிய ஆலைகள் அப்ரண்டிஸ்களை எடுக்கின்றன. உதவித்தொகை பெரிதாக இருக்காது. ஆனால் அந்த ஓர் ஆண்டு அனுபவம் பத்து ஆண்டுக்குப் பேசும்.

டிப்ளமோ: மெக்கானிக்கல் எடுத்தாலும் பாதை இருக்கிறது. பீங்கான்மேல் ஆர்வம் இருந்தால் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசு நிறுவனம் உண்டு. அதிகம் பேர் கேள்விப்படாத படிப்பு என்பதையே பலமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பொறியியல்: திருச்சி என்.ஐ.டி.யில் உலோகவியல் மற்றும் பொருளறிவியல் துறை, சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் உலோகவியல், சென்னை கிண்டி ஏ.சி. டெக்கில் செராமிக் டெக்னாலஜி, காரைக்குடியில் மின்வேதியியல் சார்ந்த பி.டெக். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மாநிலக் கலந்தாய்வில் 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கணினிப் பிரிவுக்கு முட்டிமோதும் நேரத்தில் இந்தத் துறைகளையும் விருப்பப் பட்டியலில் எழுதுங்கள்.

பி.எஸ்சி., எம்.எஸ்சி.: கும்பகோணம் அரசு கலைக் கல்லூரியிலோ மன்னார்குடி இராஜகோபாலசாமி அரசு கலைக் கல்லூரியிலோ வேதியியல், இயற்பியல் படிப்பவர்கள் தங்களைக் குறைத்து எடைபோட வேண்டாம். பூச்சு ஆய்வகங்களுக்கு வேண்டியது நுண்ணோக்கி பார்க்கவும் அளக்கவும் தெரிந்த கண்கள்தான். கடைசி ஆண்டுத் திட்டப்பணியை ஓர் ஆராய்ச்சி நிறுவனத்திலோ ஆலையிலோ செய்யக் கேட்டு எழுதுங்கள். பத்து இடத்துக்கு எழுதினால் ஒன்று திறக்கும், அந்த ஒன்று போதும்.

முதல் ஆண்டில் கைக்கு வர வேண்டியவை

ஒன்று, தண்ணீர்ச் சோதனை. சுத்தம் செய்த பரப்பைச் சுத்தமான நீரில் முக்கி எடுத்துச் செங்குத்தாகப் பிடியுங்கள். நீர் ஒரே படலமாக அரை நிமிடம் நின்றால் எண்ணெய்ப் பசை இல்லை. நடுவில் விட்டுவிட்டு முத்து முத்தாகப் பிரிந்தால் எங்கோ பிசுக்கு மிச்சம் இருக்கிறது. ஒரு விரல்ரேகை போதும், லட்ச ரூபாய்ப் பூச்சு உரிந்துபோகும். கையுறை இல்லாமல் பொருளைத் தொடாத பழக்கம் முதல் வாரத்திலேயே வந்துவிட வேண்டும்.

இரண்டு, வானிலை. பிளாஸ்டிங் முடிந்த இரும்புப் பரப்பு பசி எடுத்த வயிறு மாதிரி, காற்றிலுள்ள ஈரத்தை உடனே இழுத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் வேலையை நிறுத்துவதும், பொருளின் சூடு பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்கிறதா என்று பார்ப்பதும் உலகெங்கும் உள்ள வழக்கம். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்க் காற்று எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அளவுமானியைப் பார்க்காமல் ஸ்ப்ரே கன்னைத் தூக்காதீர்கள்.

மூன்று, நோட்டு. உலையின் சூடு, ஏறிய வேகம், பிடித்த நேரம், ஆறிய வேகம், பொடியின் லாட் எண் எல்லாவற்றையும் எழுதுங்கள். பூச்சு உரிவது இன்றைக்குத் தெரியாது, ஆறு மாதம் கழித்துத் தெரியும். அப்போது உங்களைக் காப்பாற்றப்போவது அந்த நோட்டுதான்.

நான்கு, சோதனைகள். இழுவிசைச் சோதனை, தடிமன் அளவு, கடினத்தன்மை, வெட்டிப் பாலிஷ் செய்து நுண்ணோக்கியில் துளைகளைப் பார்ப்பது, ஹீலியம் கொண்டு கசிவு பிடிப்பது. இவற்றில் இரண்டையாவது தனியாகச் செய்யும் அளவுக்குத் தேறிவிடுங்கள்.

நேர்காணலில் ஒரு கேள்வி நிச்சயம்

"பூச்சு பீல் ஆகிவிட்டது. எங்கே தப்பு?" என்று கேட்பார்கள். சரியான பதில், "உரிந்த துண்டைக் காட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்பதில் தொடங்கும். பூச்சு முழுதாகக் கழன்று அடியில் பரப்பு சுத்தமாகத் தெரிந்தால், தப்பு முன்தயாரிப்பில். பூச்சு இரண்டாகப் பிளந்து பாதி அடியிலும் பாதி கையிலும் இருந்தால், தப்பு ஸ்ப்ரே அளவுகளிலோ உலையின் ஓட்டத்திலோ. பீங்கானே ஒரு சில்லு பெயர்ந்து பூச்சோடு வந்திருந்தால் ஒட்டு பிரமாதம், ஆனால் விரிவுக் கணக்கு பொருந்தவில்லை, அல்லது வேகமாக ஆறவிட்டிருக்கிறார்கள். இந்த மூன்று விடைகளையும் காரணத்தோடு சொல்லத் தெரிந்தவர், மனப்பாடம் செய்து வந்த ஐம்பது பேரைத் தாண்டிவிடுவார்.

நீங்களும் கேளுங்கள். பயிற்சி எத்தனை மாதம்? முகக்கவசமும் காதடைப்பானும் ஆலை கொடுக்கிறதா? ஆண்டுக்கொரு முறை மருத்துவப் பரிசோதனை உண்டா? இதைக் கேட்பதால் வேலை போகுமென்றால், அது போக வேண்டிய வேலைதான்.

உடம்பு இருந்தால்தான் வேலை

உருகிய உலோகத்துக்குத் தண்ணீர்தான் முதல் எதிரி. ஒரு துளி ஈரம் அடியில் சிக்கினால், நீராவியாக 1600 மடங்குக்கு மேல் விரிந்து உலோகத்தை வாரி இறைக்கும். சுவாமிமலையில் அச்சைச் சுட்டுச் சூடாகவே வைத்து வார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கரண்டி, கட்டி, அச்சு எதுவும் சூடேற்றி ஈரம் போக்காமல் உலைப் பக்கம் போகக்கூடாது. பாலியெஸ்டர் சட்டை வேண்டாம், தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிவிடும். கெட்டியான பருத்திதான் சரி.

ஆற்று மணலைக் கொண்டு பிளாஸ்டிங் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மணலின் நுண்தூசி நுரையீரலில் தங்கிக் கல்லாக்கும் நோய் சிலிகோசிஸ். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலிலேயே அது இருந்தது. வந்தபின் திரும்பப் போகாது. அலுமினா கிரிட்டும் எஃகுக் கிரிட்டும் கிடைக்கின்றன, அதையே கேளுங்கள். துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால் மாலையில் குளிரும் காய்ச்சலும் வரும். பிளாஸ்மா கன்னின் இரைச்சல் செவியைக் கெடுக்கும், அதன் ஒளி கண்ணைச் சுடும். அலுமினியம் போன்ற நுண்பொடிகள் காற்றில் பரவினால் வெடிக்கும். பாதுகாப்புக் கருவி இல்லாத நாளில் வேலையைத் தொடங்காதவர்தான் நல்ல தொழிலாளி. முதலாளியும் அப்படித்தான் நினைக்க வேண்டும்.

சொந்தமாகத் தொடங்க நினைத்தால்

முதலில் சட்டம். 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்கும் ஆலைகளைத் தடை செய்கிறது. சோறு போடும் நிலத்துக்கு அந்தக் காவல் வேண்டியதுதான். இங்கே பொருந்துவது பெரிய உருக்காலையைவிட, கைத்திறனில் வாழும் சிறிய பூச்சுப் பட்டறை. அதற்கும் இடம் பார்க்கும் முன்பே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் போய்க் கேட்டுவிடுங்கள். அமிலக் கழிவை வாய்க்காலில் விடுகிறவர், கடைமடைக்காரரின் வயலில் விஷம் வைக்கிறார். அதற்கு லாபக் கணக்கு எதுவும் ஈடாகாது.

இரண்டு முனைகளில் உடனே தொடங்கலாம். ஒன்று, அரிசி ஆலைப் பாகங்களுக்கு மேற்பூச்சு. சிறிய கருவியோடு ஆரம்பித்து, ஓர் ஆலையின் ஒரு பாகத்தை எடுத்துப் பூசிக் கொடுத்து, அது எத்தனை நாள் ஓடியது என்று நோட்டில் எழுதிக் காட்டுங்கள். அந்த நோட்டே உங்கள் விளம்பரம். இன்னொன்று, ஈயம் பூசுதல். பித்தளைப் பாத்திரங்கள் சமையலறைக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன, பூசுகிறவர்களைத்தான் காணோம். சுத்தமான வெள்ளீயம் மட்டுமே பயன்படுத்துங்கள். காரீயம் நஞ்சு, குழந்தைகளின் மூளையைத் தாக்கும். வாங்கிய உலோகத்தின் சோதனைச் சான்றை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்டிவையுங்கள். கடன், மானியத் திட்டங்களுக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம்.

இன்று இரவே தொடங்கலாம்

இந்தத் தொழிலுக்கு ஏற்ற ஆளா நீங்கள் என்று அறிய நுழைவுத் தேர்வு எதுவும் தேவையில்லை. சாப்பிட்டு முடித்ததும் உங்கள் எவர்சில்வர் தட்டைக் கழுவி, தண்ணீரில் முக்கி, செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள். நீர் முத்து முத்தாகப் பிரியும். மறுபடி தேயுங்கள், இன்னும் ஒரு மூலையில் பிரியும். விளிம்பையும் பின்புறத்தையும் விடாமல் தேயுங்கள். எப்போதோ ஒரு தடவை, தட்டு முழுவதும் ஒரே கண்ணாடிப் படலமாக நீர் அப்படியே நிற்கும்.

அந்தப் படலம் வரும்வரை கை சலிக்காதவர்கள் விண்ணப்பம் எழுதுங்கள். ஈயம் பூசுகிறவர் அரை மணி நேரம் தேய்த்ததும் அதற்காகத்தான்.